ஆங்கிலத்தில் எதிர்காலம்

வினையோடு ஒட்டிவரும் எதிர்கால விகுதி ஆங்கிலத்தில் இல்லை. பழைய ஆங்கிலத்தில் நிகழ்கால வடிவமே வருங்காலத்தையும் உணர்த்தியது. கி.பி. 1000 அளவில் லத்தீன் இலக்கணம் எழுதிய துறவி ஏல்ஃப்ரிக், 'நேசிப்பேன்' எனும் லத்தீன் வினைக்கு நேர்வடிவம் இல்லாததால், 'நேசிக்கிறேன், இன்றோ நாளையோ' என்ற போக்கில் விளக்கிச் சமாளித்தார்.

கடமையைக் குறித்த 'ஷல்', விருப்பத்தைக் குறித்த 'வில்' ஆகிய வினைகள் பின்னர் துணைவினைகளாயின. 14-ஆம் நூற்றாண்டின் விக்ளிஃப் பைபிளில் 'ஷல்' மிகுதி.

இவற்றுக்கு விதி வகுத்தவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் ஜான் வாலிஸ்; ஜார்ஜ் மேசன் 1622-லேயே அதைத் தொட்டுவிட்டார் என்போரும் உண்டு. முடிவிலிக் குறியை அறிமுகப்படுத்திய கணிதப் பேராசிரியரான வாலிஸ், 1653-இல் ஆங்கில இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். அவர் கணக்குப்படி தன்மையில் 'ஷல்' வெறும் முன்னறிவிப்பு, 'வில்' வாக்குறுதி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழ். லிண்ட்லி மரேயின் 1795-ஆம் ஆண்டு இலக்கணம் போன்ற பள்ளி நூல்கள் விதியைப் பரப்பின. ஆற்றில் விழுந்த ஒருவர் இரண்டையும் மாற்றிக் கூவியதால், 'மூழ்கியே தீருவேன், எவரும் காப்பாற்றக் கூடாது' என்று பொருள்பட, கரையில் நின்றவர்கள் அவரை அப்படியே விட்டுவிட்டார்களாம். இலக்கண ஆசிரியர்கள் விரும்பிச் சொன்ன இந்தக் கதையில் மூழ்குபவர் அயர்லாந்துக்காரர் அல்லது ஸ்காட்லாந்துக்காரர், இங்கிலாந்துக்காரர் மூழ்குவதில்லை. 1906-இல் ஃபௌலர் சகோதரர்களும், தென் இங்கிலாந்தில் பிறந்தவர்க்கே இவ்வழக்கு இயல்பாக வரும் என்றார்கள். நாடகங்களின் உரையாடல்களை எண்ணிப் பார்த்த அமெரிக்கரான சார்லஸ் ஃப்ரீஸ், வழக்கு விதியைப் பின்பற்றவில்லை என்று 1925-இல் காட்டினார்.

'கோயிங் டு' தொடர் 15-ஆம் நூற்றாண்டில் தோன்றியதாகக் கருதப்படுகிறது. 1482-ஆம் ஆண்டுச் சான்றில் அது உண்மையான போக்கையே குறித்திருக்கலாம். 1646-இல் ஜோஷுவா பூல் அதை எதிர்காலக் குறியாகப் பதிவு செய்தார்.

ஆங்கிலத்துக்கு எதிர்காலம் என்ற காலப்பகுப்பே உண்டா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. பள்ளி நூல்கள் உண்டு என்கின்றன. கேம்பிரிட்ஜ் இலக்கணம் (2002) இல்லை என்கிறது. அண்மைக்காலத்தில் 'ஷல்' அருகி, பெரும்பாலும் தன்மைக் கேள்விகளிலும் சட்ட ஆவணங்களிலும் மட்டுமே வழங்குகிறது.