தேவிகுளம் தேர்தலும் நம் தாத்தாக்களின் காகிதங்களும்

வேட்பாளர் இறந்துபோனால், விலகினால், தகுதி இழந்தால் தேர்தல் என்ன ஆகும்? இதற்குச் சட்டப் புத்தகத்தைவிட இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் தொகுதியே நல்ல பாடம் என்பது என் எண்ணம். தேயிலைத் தோட்டத் தமிழர்கள் நிறைந்த மலைநாடு அது.

முதலில் சட்டம். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளர் இறந்தால் வாக்கெடுப்பைத் தள்ளிவைத்து, வேறொருவரை நிறுத்தக் கட்சிக்கு 7 நாள் கொடுப்பார்கள். முன்பெல்லாம் சுயேச்சை இறந்தாலும் தேர்தல் நின்றுவிடும். இப்போது அப்படி இல்லை. விலக நினைப்பவர் குறித்த தேதிக்குள் விலக வேண்டும். தவறினால் பெயர் சீட்டில் இருந்தே தீரும்.

மனு தள்ளுபடியானால்? 1957-இல் தேவிகுளத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். ஆனால் பி.கே. நாயரின் மனுவைத் தவறாகத் தள்ளியதாகத் தீர்ப்பாகி, அந்த வெற்றியே செல்லாமல் போயிற்று. தகுதியுள்ள ஒருவரை முறையின்றி ஒதுக்கினால், வாக்கு வித்தியாசம் எவ்வளவு என்று சட்டம் கேட்பதில்லை. மொத்தத் தேர்தலும் போச்சு! 1958 இடைத்தேர்தலில் இருவரும் மோதினார்கள். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் மலையேறிப் போய்த் தமிழில் பாடிப் பிரசாரம் செய்தார். ரோசம்மாவே மீண்டும் வென்றார்.

2021-இல் அதே தொகுதியில் அ.தி.மு.க.வின் ஆர்.எம். தனலட்சுமியின் மனு தள்ளுபடியானது. அவர் சார்ந்த தேசிய ஜனநாயகக் கூட்டணி, எஸ். கணேசன் என்ற சுயேச்சையை ஆதரிக்க வேண்டியதாயிற்று. வென்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் அ. ராஜா. தனித்தொகுதியில் நிற்க அவருக்குத் தகுதியில்லை என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அந்த வழக்கில் மதத்தோடு இன்னொரு கேள்வியும் எழுந்தது: அவருடைய முன்னோர் எப்போது கேரளத்தில் குடியேறினார்கள்? பட்டியல் சாதி ஆணை வந்தது 1950-இல். ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருக்கும் சாதி, இன்னொரு மாநிலத்துக்குப் போனால் தானாகக் கூடவே வருவதில்லை. குடிபெயர்ந்த நம்மைப் போன்றவர்கள் இதைத்தான் கவனிக்கணும். தாத்தா வேலை பார்த்த தோட்டத்துப் பதிவு, பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எதையும் குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளை நம் பேரப்பிள்ளை தேர்தலில் நிற்கும்போது அதைக் கேட்பார்கள்.