கொடைக்கானல் மலைப்பூண்டு: விதையைக் காத்தால் வருமானம் நிற்கும்

கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களான பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி பகுதிகளின் படிக்கட்டு வயல்களில் பூண்டு முக்கியப் பணப்பயிர். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால், அவசரத் தேவைக்காக முழு விளைச்சலையும் அறுவடையோடு விற்றுவிட்டு, அடுத்த பருவத்துக்கு அதிக விலையில் விதைப்பூண்டு வாங்கும் விவசாயிக்கு இந்தப் பெயரால் பெரிய பலன் இல்லை. நல்ல விலை கிடைத்தாலும், அதில் ஒரு பகுதி விதைச் செலவாகவே போய்விடுகிறது.

நடவு

இளம் பயிருக்குக் குளிர்ச்சி கிடைத்தால்தான் பூண்டு நன்கு பல் பிரிந்து திரளும். மலைப் பகுதிக்கு ஜூன்-ஜூலை, அக்டோபர்-நவம்பர் பட்டங்கள் ஏற்றவை. ஏக்கருக்கு 200 முதல் 240 கிலோ விதைப் பற்கள் தேவை. காயமில்லாத பெரிய பற்களை, முனை மேலே இருக்கும்படி 15 x 10 செ.மீ. இடைவெளியில் ஊன்ற வேண்டும். அழுகல் நோயைக் குறைக்க, ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 20 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலந்து இடலாம். தண்ணீர் தேங்கக் கூடாது.

உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு பூண்டில் பெருகாது. எனவே உருளைக்கிழங்குக்குப் பின் பூண்டு போடுவது நல்ல பயிர் சுழற்சி. ஒரே வயலில் தொடர்ந்து பூண்டு போடக் கூடாது.

அறுவடை, சேமிப்பு

அறுவடைக்கு 10 முதல் 15 நாட்களுக்கு முன் பாசனத்தை நிறுத்த வேண்டும். தாள் மஞ்சளாகிச் சாயும்போது செடியைத் தாளோடு பிடுங்கி, நிழலில் உலர்த்தி, கட்டுகளாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். அடுப்புக்கு மேல் புகை படும்படி தொங்கவிடும் மலைக் கிராம வழக்கம் வெறும் பழக்கம் அல்ல. மேல்தோல் நன்கு காய்கிறது, பூச்சியும் பூஞ்சாணமும் குறைகின்றன.

விற்பதற்கு முன்பே விதையைப் பிரித்து வையுங்கள். அரை ஏக்கருக்கு 100 முதல் 120 கிலோ விதை வேண்டும். சேமிப்பில் எடை குறையும், சொத்தையும் கழியும். ஆகவே 150 கிலோ ஒதுக்குவது பாதுகாப்பானது. நோயற்ற வயலிலிருந்து மட்டுமே விதை எடுக்க வேண்டும்.

சமையல், மதிப்புக்கூட்டல்

பல்லை நசுக்கும்போதுதான் அல்லிசின் என்ற காரப்பொருள் உருவாகிறது. உடனே சூடுபடுத்தினால் அதை உருவாக்கும் நொதி செயலிழக்கும். நசுக்கி 10 நிமிடம் கழித்துக் குழம்பிலோ கஞ்சியிலோ சேர்த்தால் மணமும் காரமும் கூடுதலாக நிற்கும்.

சிறு பற்களைத் தொக்கு, ஊறுகாயாக மாற்றலாம். புளி அல்லது எலுமிச்சையின் புளிப்பு போதிய அளவில் இருக்க வேண்டும். பச்சைப் பூண்டை எண்ணெயில் மட்டும் ஊறவைத்து அறை வெப்பநிலையில் வைக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்தான பாட்டுலிச நச்சு உருவாகலாம். விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம்.

விற்பனை

பெரியகுளம் அருகே உள்ள வடுகபட்டிச் சந்தை பூண்டு வியாபாரத்துக்குப் பெயர் பெற்றது. நேரடியாக விற்க விரும்புவோர், புவிசார் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டு, கிராமத்தின் பெயர், அறுவடை மாதம் ஆகியவற்றைப் பையில் அச்சிடலாம். சமவெளிப் பூண்டைக் கலந்து மலைப்பூண்டு என விற்பது சட்டப்படி குற்றம். ஒருவர் கலப்படம் செய்தாலும், விலை இறங்குவது மலை முழுவதற்கும்தான்.