வெயிலில் நொறுங்கும் பிளாஸ்டிக்: நீலகிரி பசுமைக்குடில்கள் சொல்லும் பாடம்

மாடியில் கட்டிய கொடிக்கயிறு ஒரு வருடத்தில் தூள் தூளாக உதிர்வதையும், வெயிலில் கிடந்த சாக்குப்பை தொட்டதும் கிழிவதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெப்பத்தால்தான் இப்படி ஆகிறது என்று நினைக்கிறோம். ஆனால் இதில் பெரும்பங்கு சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களுக்குத்தான்.

குளிரான மலையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் அளவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். எனவே வானம் தெளிந்த நாளில், உடம்பில் வெயில் உறைக்காவிட்டாலும், பிளாஸ்டிக்குக்குச் சமவெளியைவிடப் பாதிப்பு அதிகம்.

என்ன நடக்கிறது?

பிளாஸ்டிக் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. புற ஊதாக் கதிர் பட்டதும் சங்கிலியின் கண்ணிகள் அறுகின்றன. அறுந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்து மேலும் அறுக்கிறது. நிறம் மங்கும், இழுவைத் தன்மை போகும், பிறகு வெடிப்பு விழும். கயிறும் சாக்கும் செய்யப் பயன்படும் பாலிப்ரொப்பிலீன், பாலித்தீனைவிட வேகமாக இப்படிச் சிதையும்.

கலவையில்தான் ஆயுள்

கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் கார்னேஷன் பூ வளர்க்கும் பசுமைக்குடில்களில் பொதுவாக 200 மைக்ரான் தடிமனுள்ள பாலித்தீன் தாள் போடுகிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பாலித்தீன் வகைகளைக் கலந்து, புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்தும் சேர்த்துச் செய்த தாள் அது. மூன்று வருடமோ அதற்கு மேலோ நிற்கும். மருந்து சேர்க்காத சாதாரணத் தாள் ஒரு வருடம் தாங்குவதே அரிது. நல்ல தாளையும் இரண்டு விஷயங்கள் சீக்கிரம் கெடுக்கும். ஒன்று, கந்தகம், குளோரின் கலந்த பூச்சிமருந்துகள். இவை பாதுகாப்பு மருந்தின் வேலையை முடக்கிவிடும். மற்றொன்று, வெயிலில் சூடேறும் இரும்புக் குழாய். தாள் குழாயைத் தொடும் இடத்தில்தான் முதலில் கிழியும். அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்தால் சூடு குறையும்.

தண்ணீர்க் குழாய்கள் கறுப்பாக இருப்பதற்கும் காரணம் இதுவே. இரண்டு முதல் இரண்டரை சதவீதம் கரித்தூள் சேர்த்தால், அது கதிரை உள்ளே விடாமல் தானே வாங்கிக்கொள்ளும்.

பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்யும் மலிவுப் பொருள்களின் நிலை வேறு. பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் எண்ணெயும் தண்ணீரும் போல ஒன்றோடொன்று சரியாகக் கலப்பதில்லை. இரண்டும் சந்திக்கும் எல்லையே பலவீனமான இடம். ஏற்கெனவே வெயில் பட்ட பொருளாகவும் இருந்தால், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் உடையும்.

கதிரால் நன்மையும் உண்டு

காமா கதிரையோ எலக்ட்ரான் கற்றையையோ அளவோடு செலுத்தினால், பாலித்தீன் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதியாகும். சூட்டைத் தாங்கும் மின்கம்பி உறைகள் சில இப்படித்தான் தயாராகின்றன. மும்பை டிராம்பேயில் 1974-இல் தொடங்கப்பட்ட ஐசோமெட் நிலையம், மருத்துவப் பொருள்களைக் காமா கதிரால் கிருமி நீக்கம் செய்கிறது. அங்கும் பிளாஸ்டிக்கின் கலவையைப் பார்த்தே கதிரின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியவை

வீட்டிலோ பள்ளிவாசலிலோ மாடியில் வைக்கும் தொட்டி, ஒளி புகாததாக இருக்கட்டும். பசுமைக்குடில் தாள் வாங்கும்போது புற ஊதாப் பாதுகாப்பு எத்தனை வருடம் என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குவோம். கயிறையும் சாக்கையும் நிழலில் வைப்போம். வெளிறி, வெடிப்பு விட்ட வாளியைத் தூளாகும் முன்பே சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுவோம்.

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் காலப்போக்கில் மக்கிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது மக்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத துகளாகிறது. குன்னூர் ஓடைகளில் விழும் துகள் பவானி ஆற்றோடு சமவெளிக்கு இறங்குகிறது. முழுப் பையாகக் கிடக்கும்போது கையால் எடுத்துவிடலாம். துகளான பிறகு யாராலும் எடுக்க முடியாது.