கடைசிக் காலத்தில் யாருக்குக் கூரை?

முதியோர் இல்லம் என்றதும் நம் பொதுப்புத்தியில் ஒரே கதைதான் ஓடுகிறது. பிள்ளைகள் அமெரிக்கா போய்விட்டார்கள், கூட்டுக் குடும்பம் உடைந்துவிட்டது, பெற்றவர்கள் தனியாகிவிட்டார்கள். சினிமாவும் பட்டிமன்றமும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி நம்மை அழவைத்திருக்கின்றன. இந்தக் கதைக்குள் ஒரு சொந்த வீடு இருக்கிறது, விற்க நிலம் இருக்கிறது, மாதம் பிறந்தால் ஓய்வூதியம் இருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் பண்ணையத்திலும் விசைத்தறியிலும் துப்புரவுப் பணியிலும் உடம்பைத் தேய்த்த நம் பாட்டன் பாட்டிகள் இந்தக் கதையில் எங்கேயும் இல்லை.

தமிழ்நாட்டில் முதியோர் குடியிருப்புகள் பெருகிவருகின்றன. கோவைதான் இதற்குப் பேர்போன ஊர். தோட்டம், கோயில், மருத்துவர், பொதுச் சாப்பாட்டுக்கூடம் எல்லாம் உண்டு. சிலவற்றை நிறுவனங்கள் நடத்துகின்றன, சிலவற்றை அறக்கட்டளைகள் நடத்துகின்றன. அறக்கட்டளை நடத்தினால் ‘லாப நோக்கற்றது’ என்று பெயர். தோழர்களே, இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வோம். வருகிற வருமானத்தை நடத்துபவர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்பதே அதன் பொருள். ஏழைக்கு இடம் உண்டு என்றோ, எல்லாச் சாதிக்கும் வாசல் திறந்திருக்கும் என்றோ அந்தச் சொல் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அதனால் வரலாற்றிடம் மூன்று கேள்விகள் கேட்போம். முதியவரைத் தாங்கும் வீட்டின் வாசல் யாருக்குத் திறந்தது? பந்தியில் யார் உட்கார்ந்தார்கள்? நிர்வாகத்தில் யார் உட்கார்ந்தார்கள்?

முதுமை என்கிற சொத்து

முதலில், முதுமை அடைவதே எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 2018-இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் இறந்துபோகும் தலித் பெண்களின் சராசரி வயது 39.5 என்றும், உயர்சாதிப் பெண்களின் சராசரி வயது 54.1 என்றும் காட்டியது. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இதை ஆயுட்கால எதிர்பார்ப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இறந்தவர்களின் வயதைக் கூட்டி எடுத்த சராசரி இது. குழந்தைப் பருவ மரணமும் பிரசவ மரணமும் இதற்குள் அடங்கும். இடைவெளி 14.6 ஆண்டுகள். ஒருத்தி முதியோர் இல்லத்தின் வாசலுக்கு வருவதற்கு முன்பே சாதி அவளுடைய வயதைக் கழித்துவிடுகிறது.

தப்பிப் பிழைத்து வயதானவர்களின் நிலை என்ன? இந்தச் சமவெளியில் அருந்ததியர் பலர் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்களாக இருந்தவர்கள். வாங்கிய கடனுக்கு உடம்பே ஈடு. தகப்பன் ஓய்ந்தால் மகன் பண்ணையத்துக்குப் போவான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. பண்ணையம் தளர்ந்த பிறகு குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளில் முன்பணம் என்ற பெயரில் அதே கயிறு வேறு கையில் வந்தது. இந்த வேலைகளில் ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. கை நடுங்கும்வரை தறி. அதன் பிறகு ஆடு மேய்ப்பது, பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது. சேமிப்பு இல்லை, பட்டா இல்லை. காலனி வீட்டின் ஒற்றை அறையில் மகனும் மருமகளும் பிள்ளைகளும் படுத்தால் கிழவிக்குத் திண்ணைதான். பிள்ளைகள் கைவிட்டார்கள் என்று இதைச் சொல்லிவிட முடியாது. கைவிடுவதற்குக்கூட இடமில்லாத வீடு அது.

சத்திரமும் கஞ்சித்தொட்டியும்

நம் மண்ணில் ஆதரவற்றவர்களுக்கான பழைய இடம் சத்திரம். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தன் சத்திரங்களைக் காக்கச் சொல்லி எழுதிய கடிதத்தில், பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கர்களுக்கும் அங்கே சோறு கிடைத்ததாகச் சொல்கிறார். இதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். கொடைக்கும் ஒரு தொடக்கமும் ஒரு கடைசியும் இருக்கிறது. சோறு எல்லோருக்கும் உண்டு, வரிசை மாறாது.

சென்னையில் 1782 பஞ்சத்தின்போது தோன்றியது மணியக்காரர் சத்திரம். கஞ்சி ஊற்றிய இடம் என்பதால் மக்கள் அதைக் கஞ்சித்தொட்டி என்றார்கள். அதையொட்டி வளர்ந்த மருத்துவமனைதான் இன்றைய ஸ்டான்லி. சத்திரத்தின் அறப்பணி முதியோர் இல்லமாக இன்றும் தொடர்கிறது. 1812-இல் சென்னையில் தொடங்கிய ஃபிரண்ட்-இன்-நீட் சங்கம் முதன்மையாக ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சமூகத்தின் ஏழைகளுக்கானது. ஒவ்வொரு சமூகமும் தன் முதியவர்களைத் தானே பார்த்துக்கொண்ட காலம் அது. சொத்தும் செல்வாக்கும் உள்ள சமூகங்களால்தான் அப்படிப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

இதற்கு ஒரு மாற்றும் இருந்தது. பிரான்சில் 1839-இல் ழான் ஜூகான் என்ற ஏழைப் பெண், பார்வையிழந்த ஒரு மூதாட்டியைத் தன் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து தன் கட்டிலில் படுக்கவைத்தார். அதிலிருந்து பிறந்தது ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபை. 1882-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் இல்லத்தை அவர்கள் திறந்தார்கள். ஏழை முதியவர்களுக்கே இடம் என்பது அவர்களுடைய விதி. நம் மாநிலத்தில் 1978-இல் சாவித்திரி வைத்தி தொடங்கிய விச்ராந்தி, ஆதரவற்ற முதிய பெண்களுக்கு இலவசமாக இடம் தந்தது. இவை மதிக்கத்தக்க பணிகள். ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய நல்ல மனிதர்களை நம்பி ஒரு சமூகத்தின் முதுமையை ஒப்படைக்க முடியாது.

திருச்செங்கோடு, 1925

நம் சமவெளியில் ‘சேர்ந்து வாழ்தல்’ என்ன விலை கேட்டது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1925 பிப்ரவரியில் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில், உள்ளூர் ஜமீன்தார் ஒருவர் கொடுத்த நிலத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை அதன் பணிகள். ஆசிரமத்துக்குள் தீண்டப்படாதவர்கள் எனப்பட்டவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சுற்றுவட்டார சாதி இந்துக்கள் ஆசிரமத்தைப் புறக்கணித்தார்கள். ஒரே கூரை, ஒரே பந்தி என்றதும் ஊர் அப்படித்தான் எதிர்வினை செய்தது. முதியோர் குடியிருப்பு என்பதும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான். உறவல்லாதவர்கள் ஒரே கூரையில் தூங்கி, ஒரே சமையலைச் சாப்பிட்டு, ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பது.

அந்த ஆசிரமம் நம் மூன்றாவது கேள்வியையும் எழுப்புகிறது. நிர்வாகம் யாருடையது? 1932 நவம்பரில், வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அண்ணல் அம்பேத்கர், தீண்டாமை ஒழிப்புக்காகப் புதிதாகத் தொடங்கிய அமைப்பின் செயலாளர் தக்கர் பாபாவுக்கு நீண்ட கடிதம் எழுதினார். தனிமனிதர்களைத் திருத்தும் நற்பணிகளில் அமைப்பு தன் வலுவைச் செலவிடக் கூடாது, கிணறு, பள்ளி, சாவடி போன்ற பொது இடங்களில் உரிமைக்காகப் போராட வேண்டும், ஒடுக்கப்பட்டவர்களையே பணியாளர்களாக அமர்த்த வேண்டும் என்பது அவர் வாதம். பின்னாளில் ஹரிஜன சேவக சங்கம் என்று பெயர் பெற்ற அந்த அமைப்பு வேறு வழியில் போனது. நிர்வாகம் சாதி இந்துக்களின் கையில் இருந்தது. அது அவர்களுடைய பிராயச்சித்தம், ஆகவே அவர்களே செய்ய வேண்டும் என்று காரணம் சொல்லப்பட்டது. இன்று அறக்கட்டளைகளின் பலகைகளைப் படிக்கும்போது அந்தக் கடிதத்தை நினைவில் வைத்துக்கொள்வோம்.

அரசு தந்ததும் தராததும்

1962-இல் இந்த மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். 1995 ஆகஸ்ட் 15-இல் தேசிய சமூக உதவித் திட்டம் வந்து ஒன்றிய அரசு 75 ரூபாய் கொடுத்தது. அந்தப் பங்கு பிறகு 200 ரூபாயானது, 80 வயதைக் கடந்தவர்களுக்கு 500. தமிழ்நாட்டில் மொத்தத் தொகை 2011-இல் 1,000 ரூபாயாகவும் 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. இதற்கு ‘ஆதரவற்றவர்’ என்று நிரூபிக்க வேண்டும். நீண்ட காலம், வயது வந்த மகன் இருந்தாலே மனு தள்ளுபடி. அந்த மகனுக்கே வேலை இல்லை என்பதை எந்தப் படிவமும் கேட்கவில்லை.

துப்புரவுப் பணியைப் பாருங்கள். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்தை இழந்தார்கள். நகராட்சிகள் குப்பை அள்ளுவதை ஒப்பந்தத்துக்கு விட்டபோது, அந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் அரசுப் பணி என்ற பெயரையே இழந்தார்கள். ஊரைச் சுத்தம் செய்யும் வேலை பரம்பரையாக வந்தது. அதன் கடைசியில் கிடைக்க வேண்டிய ஓய்வூதியம் மட்டும் வரவில்லை.

2007-இல் நாடாளுமன்றம் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தை இயற்றியது. இதில் இரண்டு பிரிவுகளை அருகருகே வைத்துப் படியுங்கள். பிரிவு 23, பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையில் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற வழி செய்கிறது. எழுதிக்கொடுக்கச் சொத்து உள்ளவருக்குத்தான் இது ஆயுதம். பிரிவு 19, மாவட்டத்துக்கு ஒன்றாகவேனும், குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்கும் இல்லங்களை மாநில அரசு ‘அமைக்கலாம்’ என்கிறது. சொத்துள்ளவருக்குச் சட்டம் தீர்ப்பாயத்தைக் கொடுத்தது, நமக்கு ‘லாம்’ என்ற விகுதியைக் கொடுத்தது. 2018 டிசம்பர் 13 அன்று அஸ்வினி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், கண்ணியத்தோடும் உறைவிடத்தோடும் வாழ்வது முதியவர்களின் அரசமைப்பு உரிமை என்று சொல்லி, ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள முதியோர் இல்லங்களின் விவரத்தைத் திரட்டும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அந்த ‘லாம்’ என்பதை ‘வேண்டும்’ என்று மாற்ற நமக்குக் கிடைத்திருக்கும் பிடி இது.

சமையலறை என்னும் மதில்

பணம் இருந்தால் போதுமா? நம் சமூகத்தில் இன்று ஆசிரியர்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் ஓய்வு பெற்ற முதல் தலைமுறை இருக்கிறது. வைப்புத்தொகை கட்ட அவர்களால் முடியும். ஆனால் ‘சைவம் மட்டும்’ என்ற ஒற்றை வரி, சாதியின் பெயரைச் சொல்லாமலே வாசலில் நிற்கிறது. உணவுப் பழக்கம் தனிவிருப்பம் என்பார்கள். சொந்தத் தட்டில் அது விருப்பம்தான். அடுத்தவர் வாழ்நாள் முழுவதும் சாப்பிட்டதை அவருடைய கடைசிக் காலத்தில் தடுக்கும்போது அது விதியாகிவிடுகிறது. குஜராத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், தன் சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி என்ற சங்க விதி செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மைச் சமூகம் ஒன்றின் சங்கத்தைப் பற்றிய தீர்ப்பு அது. ஆனாலும் அந்தக் கதவு வழியாக யார் யாரெல்லாம் நுழைவார்கள் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

வேறு விதமாகவும் நடக்க முடியும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தின் நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. பேரழிவிலும் பந்தி பிரிந்தது. அதே கடற்கரையோரம், கடலூர் மாவட்டத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைப்பு ஆதரவிழந்த முதியவர்களுக்காகத் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. ஏறத்தாழ நூறு பேர் வசிக்கும் அளவிலான குடியிருப்பு அது. வைப்புத்தொகை கட்ட முடியாதவர்களுக்கும் இப்படி ஒரு குடியிருப்பு சாத்தியம் என்பதற்கு அது சான்று.

நாம் செய்ய வேண்டியது

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. இந்த இரண்டு எண்களும் சந்திக்கும் இடத்தில் இருப்பவர்களுக்காக நம்மிடம் சில கருவிகள் உண்டு.

ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டம். சேலம், நாமக்கல் மாவட்டச் சமூகநல அலுவலகங்களிடம் கேட்போம்: பிரிவு 19-இன்படி இல்லம் உண்டா? அரசு மானியம் பெறும் இல்லங்கள் எவை? அவற்றில் வசிக்கும் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? பணியாளர்களில் எத்தனை பேர்? இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால், நம் பெண்கள் அந்த வாசலுக்குள் ஆயாவாக மட்டும் போகிறார்களா என்பது தெரிந்துவிடும்.

இரண்டு, 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். பொதுமக்களுக்கான அறக்கட்டளையின் பயனைத் தீண்டாமையின் பேரால் மறுப்பது அதன் 4-ஆவது பிரிவின்படி குற்றம். மருத்துவமனை, விடுதியில் சேர்க்க மறுப்பது 5-ஆவது பிரிவின்படி குற்றம்.

மூன்று, வரி விலக்கு. ஒரு குறிப்பிட்ட சாதியின் நலனுக்கென்றே அமைந்த அறக்கட்டளைக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 13(1)(பி) பிரிவு விலக்கை மறுத்தது. பட்டியல் சாதியினருக்கான அறக்கட்டளைகளுக்கு இந்தத் தடை இல்லை. பொதுப் பணத்தில் சலுகை வாங்கும் இடம் பொதுவாக இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. நமக்கென ஓர் இல்லத்தை நாமே தொடங்கவும் சட்டம் வழிவிட்டிருக்கிறது.

பள்ளிக்கூடத்தின் வாசலுக்காகவும் கிணற்றுக்காகவும் தேநீர்க் கடையின் குவளைக்காகவும் நம் முன்னோர் போராடினார்கள். போராடிய அந்த உடம்புகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. அடுத்த ஓய்வூதிய முகாமில் மனு எழுதத் தெரிந்த நாலு பேராக நாம் உட்காருவோம். அங்கிருந்தே தொடங்கலாம்.