கைம்பெண்களின் கண்ணீரில் பிறந்த சகோதரத்துவம்

எருசலேமின் தொடக்கத் திருச்சபையில் எழுந்த ஒரு முணுமுணுப்பு கோட்பாட்டைப் பற்றியதன்று. கைம்பெண்களின் அன்றாட உணவைப் பற்றியது. திருத்தூதர்கள் அதனை அற்பமென ஒதுக்கவில்லை. நற்சான்று பெற்ற எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்து, அப்பணியை அவர்களிடம் ஒப்படைத்தனர். திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரம் காட்டும் இவ்வழியே, பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் மீண்டும் துலங்கியது.

அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கர் பலர் அந்நாளில் ஆலைத் தொழிலாளர்களாய் உழைத்தனர். உழைக்கும் தந்தை இறந்தால் குடும்பமே சிதறும் நிலை. பிள்ளைகள் வெவ்வேறு இல்லங்களுக்கு அனுப்பப்படுவதும் உண்டு. ஆதரவுநிதி வழங்கிய இரகசியச் சங்கங்கள் சிலவற்றில் சேரத் திருச்சபை தடை விதித்திருந்தது. தடை விதித்தால் போதுமா? மாற்றுவழி காட்ட வேண்டாமா?

இவ்வினாவுக்கு விடை தேடியவர் புனித மரியா பங்கின் உதவிக் குரு மைக்கேல் மெக்கிவ்னி. பதின்மூன்று பிள்ளைகளுள் மூத்தவர். 1873இல் தந்தை இறந்ததால் குருத்துவப் படிப்பை இடையில் நிறுத்தி வீடு திரும்பியவர். 1877இல் குருவானார். தந்தையை இழந்த இளைஞன் ஒருவனுக்கு 1882இல் நீதிமன்றத்தில் தாமே பாதுகாவலராக நின்றார். ஒரு பிள்ளைக்கு ஒரு குரு பொறுப்பேற்கலாம். ஊரிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும்? பங்கின் ஆண்களைக் கோவிலின் அடித்தளத்தில் கூட்டினார். 1882 மார்ச் 29 அன்று "கொலம்பஸ் வீரர்கள்" சபை சட்ட ஒப்புதல் பெற்றது.

பெயரிலும் ஒரு பொருள் உண்டு. கத்தோலிக்கர் இந்நாட்டிற்கு அந்நியர் அல்லர் என்பதை உணர்த்தவே கொலம்பசின் பெயர் தெரிந்தெடுக்கப்பட்டது. அவருடைய வருகையால் பழங்குடி மக்கள் அடைந்த துன்பங்களை அறிந்த நமக்கு அப்பெயர் சற்றே உறுத்தலாம். ஆயினும் ஒருவர் இறந்தால் எஞ்சியோர் அவருடைய குடும்பத்தைத் தாங்குவர் என்ற உடன்படிக்கை, நற்செய்தியின் மணம் கமழ்வது.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று: மெக்கிவ்னி தலைவராகவில்லை. தலைமையைப் பொதுநிலையினரிடம் விட்டுச் செயலர் பொறுப்பை ஏற்றார். 1884இல் அதையும் விட்டு ஆன்ம குருவாக மட்டும் இருந்தார். 1890இல் தம் 38ஆம் வயதில் மறைந்தார். சபையோ தழைத்தது. 2020இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

தம் குடும்பங்களைக் காக்கத் தோன்றிய சபை நாளடைவில் வேலியைக் கடந்தது. முதல் உலகப் போரின்போது அது அமைத்த படைவீரர் கூடங்களில் "அனைவரும் வருக, அனைத்தும் இலவசம்" என்ற அறிவிப்பு தொங்கியது. அறிவுவளர்ச்சி குன்றியோருக்கான சிறப்பு ஒலிம்பிக்கு 1968இல் தொடங்கிய நாளிலிருந்தே அதன் உறுப்பினர்கள் துணைநிற்கின்றனர். ஊர்தோறுமுள்ள கிளைகள் குளிர்காலத்தில் ஏழைச் சிறார்க்கு மேலாடையும், பசித்தோர்க்கு உணவுப் பொருள்களும் வழங்குகின்றன.

நம் பங்குகளிலும் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏழைகளின் இல்லம் நாடிச் செல்கின்றனர், நன்றிக்குரிய பணி. எனினும் கடலுக்குச் சென்றவர் திரும்பாதபோது, சாரத்திலிருந்து கொத்தனார் விழுந்து இறக்கும்போது, அடக்கத்திற்குத் திரள்கிறோம். முப்பதாம் நாள் திருப்பலியும் ஒப்புக்கொடுக்கிறோம். முப்பத்தோராம் நாள் அவ்வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பவர் யார்? பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்குப் பொறுப்பேற்பவர் யார்?

இரக்கம் ஒரு நாளில் வந்து மறைந்துவிடக்கூடும். உடன்படிக்கையோ ஆண்டுகள் தாண்டியும் நிற்கும். அன்பியக் கூட்டங்களில் இவ்வினாவை எழுப்புவோம். மாதந்தோறும் சிறுதொகை சேர்க்கவும், கணக்கை ஒளிவின்றிக் காட்டவும், தலைமையைப் பொதுநிலையினர் ஏற்கவும் முன்வருவோமாயின், எருசலேமின் எழுவர் நம் தெருவிலும் நடமாடுவர்.