பேய்த் தீவின் கடலடி

சிங்கப்பூருக்குத் தெற்கே புலாவ் ஹந்து என்றொரு தீவு இருக்கிறது. மலாய் மொழியில் ஹந்து என்றால் என்னவென்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பொழுது சாய்ந்தபின் பால்மரக் காட்டுப் பக்கம் போகாதே என்று பாட்டி பயமுறுத்தும் அதே பேய்தான். இரண்டு வீரர்கள் கடலில் சண்டையிட்டு மாண்டார்களாம். அவர்களே பெரிய ஹந்து, சின்ன ஹந்து என்று இரு தீவுகள் ஆனார்களாம். நீர் வற்றிய வேளையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம்.

இந்தப் பேய்த் தீவுக்குத்தான் விடுமுறை நாட்களில் நகரத்தார் சிலர் படகேறிப் போகிறார்கள். காலையில் புறப்பட்டு, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, இரண்டு முறை கடலில் முக்குளித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புகிறார்கள். எதிரே எண்ணெய் ஆலையின் புகைபோக்கிகள். காலடியில் பவளப் பாறை. இவ்விரண்டும் எப்படி அண்டை வீட்டார் ஆயின?

எண்ணெயின் கதையை முதலில் பார்ப்போம். லயங்களில் மின்சாரம் இல்லாத காலத்தில் நம் பாட்டன்மார் ஏற்றிய விளக்கில் எரிந்தது மண்ணெண்ணெய். தீப்பற்றும் அந்தச் சரக்கை நகரத்துக்குள் சேர்த்துவைக்க அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே ஹந்துவுக்கு அருகிலுள்ள புலாவ் புக்கோம் தீவில் 1891-இல் கிடங்குக்கு இடம் பிடித்தார்கள். அதுவரை டின்களில் அடைபட்டு வந்த எண்ணெய், 1892-இல் 'மியூரெக்ஸ்' என்ற கப்பலின் வயிற்றிலேயே நிரம்பி, சூயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கே வந்தது. மியூரெக்ஸ் என்பது ஒருவகை முட்சங்கின் பெயர். கப்பலை அனுப்பிய மார்க்கஸ் சாமுவேலின் தந்தை லண்டனில் கிளிஞ்சல் வியாபாரம் செய்தவர்; அதனால்தான் கம்பெனிக்குப் பின்னாளில் ஷெல் என்று பெயர் வந்தது. கிளிஞ்சலின் பெயரைச் சூடியவர்கள், கிளிஞ்சல் வாழும் கடலோரத்திலேயே வந்து அமர்ந்தார்கள்! 1961-இல் புக்கோமில் சிங்கப்பூரின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது.

அக்கடலின் அடியை அப்போது பார்த்தவர்கள் மிகச் சிலரே. மூச்சடக்கி மூழ்குகிறவர் சீக்கிரமே மேலே வந்தாக வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நம்மவர்கள் கல்லின் பாரத்தோடு இறங்கியதும் அப்படித்தான். 1943-இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்ற எஞ்சினியரும் இதற்கு வழி கண்டார்கள். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எரிவாயுவில் கார் ஓட்டினார்கள் அல்லவா? அந்த வாயுவை அளந்துவிடும் வால்வையே கான்யான் மனிதனின் மூச்சுக்குப் பொருத்தினார். ஆழம் கூடக் கூடத் தண்ணீர் நெஞ்சை அழுத்தும். வால்வும் அதே அழுத்தத்தில் காற்றைத் தரும். மேலே வரும்போது மட்டும் மூச்சை அடக்கக் கூடாது. உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

மனிதன் கடலடியைப் பார்க்கக் கற்றுக்கொண்டான். ஆனால் அதே காலத்தில் இங்கே கடல் கலங்கத் தொடங்கியது. கரையை நிரப்பி நிலமாக்கும் வேலை வேகம் பிடித்தது. 1970களில் ஹந்துவின் பாறைத் திட்டின் மேலும் மண் விழுந்தது. சுமார் 5 ஏக்கராக இருந்த தீவு 30 ஏக்கர் ஆயிற்று. சுடோங், செமக்காவ் ஆகிய தீவுகளில் மீன்பிடித்து வாழ்ந்த மலாய்க் குடும்பங்களும் வீடு வாசலை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்தன. தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று தெரியும்.

பவளம் கல் அல்ல, உயிர். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. நாற்றுமேடையில் ஓயாமல் நிழல் விழுந்தால் கன்று என்னாகும்? 1960களில் 10 மீட்டர் வரை தெரிந்த கடலில் இப்போது 2 மீட்டர் தெரிந்தாலே பெரிது. சிங்கப்பூரின் பவளத் திட்டுகளில் பாதிக்கு மேல் மண்ணுக்கடியில் போய்விட்டது. இருந்தும் சுமார் 250 வகைப் பவளங்கள் அங்கே பிழைத்திருக்கின்றன. நமக்கே இது வியப்புதான்.

இன்னொன்றும் பிழைத்திருந்தது. கிண்ணம்போல் வளரும் ஒரு பெரிய கடற்பஞ்சு 1820களில் சிங்கப்பூர்க் கடலில்தான் முதன்முதல் அறியப்பட்டது. குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியாக அதைப் பயன்படுத்தினார்களாம். கண்டவர்கள் பறித்துக்கொண்டே இருந்தார்கள். 1908-க்குப் பிறகு அது உலகத்திலேயே இல்லை என்று எண்ணினார்கள். 2011-இல் செயிண்ட் ஜான்ஸ் தீவுக்கு அருகே சாதாரணக் கணக்கெடுப்புக்காக மூழ்கியவர்கள், கலங்கிய நீரில் அது உயிரோடு நிற்கக் கண்டார்கள். மூன்றாண்டுகள் கழித்து, 2014-இல், பக்கத்திலிருக்கும் சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றிய கடல் சிங்கப்பூரின் முதல் கடற்பூங்கா என்று அறிவிக்கப்பட்டது.