பாட்டியின் எழுபதுகள்

எழுபதுகளின் தமிழ்த் திரையிசை பற்றி ஒரு பாட்காஸ்ட். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குக் காரில் போகும்போதெல்லாம் கேட்பேன். 1976-இல் 'அன்னக்கிளி' வந்ததும் கிராமத்து மெட்டு எப்படித் திரைக்குள் நுழைந்தது, அடுத்த வருடம் '16 வயதினிலே'யில் மலேசியா வாசுதேவன் எப்படிப் பேர் வாங்கினார் என்றெல்லாம் ரசித்து ரசித்துப் பேசுவார்கள். இங்கே பிறந்து, மேடை நாடகங்களில் நடித்துவிட்டுச் சென்னைக்குப் போனவர் அவர். நம்ம ஆளு என்பதால் அந்தப் பகுதியை இரண்டு தடவை கேட்டேன்.

போன மாதம் புந்தோங்கில் பாட்டிக்கு அதைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டே கேட்டவர், சட்டென்று சொன்னார்: "இந்தப் பாட்டெல்லாம் வர்றதுக்குள்ள எதிர்வீட்டுக்காரங்க கப்பல் ஏறிட்டாங்கடா. கேக்கக் குடுத்து வைக்கல."

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் கதை வந்தது.

1957-இல் நாடு விடுதலை அடைந்தபோது தோட்டத்து மக்களில் பலருக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. காகிதம் இல்லை, எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு பிடி இறுகியது. காலமெல்லாம் பால்மரம் சீவிய பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். எதிர்வீட்டுக் குடும்பம் ஏறிய கப்பலின் பெயர் பாட்டிக்கு இன்னும் மறக்கவில்லை: ரஜூலா.

பாட்டியின் லயத்தில் ஜெனரேட்டர் ஓடும் நேரம் மட்டும்தான் மின்சாரம். அதனால் பேட்டரி டிரான்சிஸ்டர்தான். ரேடியோ மலேசியாவின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்க நாலைந்து வீட்டுக்காரர்கள் வாசலில் கூடுவார்களாம். எதிர்வீடு காலியான பிறகு? "சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வப்போம். அந்தப் பக்கம் ரொம்ப அமைதியா இருந்துச்சு."

பாட்காஸ்ட்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் சொல்வது பாட்டை உருவாக்கியவர்களின் வரலாறு. அதற்குப் படத்தின் தேதி இருக்கிறது, இசைத்தட்டு இருக்கிறது. கேட்டவர்களின் வரலாற்றுக்கு எதுவும் இல்லை. கேட்ட இடமே இல்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். ரப்பருக்கு விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று மரம் மரமாகப் போகவேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். ஆள் குறைந்தது, லயங்கள் இடிந்தன. பாட்டி இருந்த லயத்தில் இப்போது வீடமைப்புத் திட்டம்.

அந்த பாட்காஸ்ட்டை இன்னமும் விரும்பித்தான் கேட்கிறேன். ஆனால், நாம் வாழாத ஒரு பத்தாண்டு நமக்கு இவ்வளவு இனிப்பதற்குக் காரணம், அதிலிருந்து பாட்டு மட்டுமே நம்மிடம் வந்து சேர்ந்திருப்பதுதானோ என்று தோன்றுகிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கலாம். ஒரு பழைய பாட்டைப் போடுங்கள். பாட்டு பிடிச்சிருக்கா என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். அப்போ பக்கத்துல யாரு இருந்தாங்க என்றும் கேளுங்கள்.